மூளைக்குள் இதயத்தைத் தேடுதல்: ஓர் ஆய்வு அனுபவம்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் சிகிச்சைக்காகச் செலுத்தப்படும் மின்முனைகளின் வழியே, இதயத்துடிப்பு, மூச்சு போன்ற உடலின் உட்குறிப்புகளை மூளை எப்படி அறிகிறது என்று ஆராயும் குழு ஒன்றில், பிரான்சில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஆய்வுக் கட்டுரையில் ‘முறைகள்’ என்ற தலைப்பின்கீழ் இரண்டு பத்திகளில் அடங்கிவிடும் வேலைதான் எங்கள் காலத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு அந்த இரண்டு பத்திகளை விரித்துச் சொல்வதே இங்கு என் நோக்கம்.

வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்தால் வலிப்பு முழுமையாக நிற்பதில்லை. அவர்களில் சிலருக்கு, வலிப்பு தொடங்கும் இடத்தை அறுவை செய்து அகற்ற முடியும். அந்த இடத்தை எம்.ஆர்.ஐ.யும் தலைமேல் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் தெளிவாகக் காட்டாதபோது, மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு மெல்லிய மின்முனைகளை ஆழத்தில் இறக்கி, வலிப்பு வரும்வரை காத்திருந்து பதிவு செய்கிறார்கள். ஸ்டீரியோ ஈ.ஈ.ஜி. எனப்படும் இம்முறை, பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் தலைராக், பான்கோ ஆகிய இரு மருத்துவர்களின் உழைப்பால் 1950களின் பிற்பகுதியில் உருவானது. இன்று வழக்கத்திலுள்ள மின்முனை ஒன்றின் விட்டம் 0.8 மி.மீ. மட்டுமே, அதன் நீளவாக்கில் 2 மி.மீ. அளவுள்ள தொடுமுனைகள் வரிசையாக அமைந்திருக்கும். எங்கே இறக்குவது என்பதை நோயாளியின் மருத்துவத் தேவை மட்டுமே முடிவு செய்யும். ஆய்வுக்காக ஒரு தொடுமுனைகூடக் கூடுதலாக வைக்கப்படுவதில்லை. ஆகவே, நாங்கள் விரும்பும் பகுதியில் மின்முனையுள்ள நோயாளி வரும்வரை பொறுத்திருப்பதே வேலையின் முதற்கட்டம்.

நாங்கள் விரும்பிய பகுதி, உடலின் உள்ளுணர்வுகளோடு தொடர்புடைய மூளைப்பகுதியான இன்சுலா. அதைத் தூண்டியபோது நோயாளிகள் வயிற்றிலும் குடலிலும் உணர்வுகளைச் சொன்னதை, மருத்துவர்களான பென்ஃபீல்டும் ஃபோக்கும் 1955ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். தன் இதயத்துடிப்பைச் சரியாக உணர்பவர்களிடம் வலப்பக்க முன் இன்சுலாவின் செயல்பாடு கூடுதலாக இருப்பதை கிரிச்லி குழுவினர் 2004இல் காட்டினர். ஆனால் மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும், அவர்கள் பயன்படுத்திய எஃப்.எம்.ஆர்.ஐ. மெதுவானது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே நடப்பதை அது பிரித்துக் காட்டாது. தலைமேல் எடுக்கும் ஈ.ஈ.ஜி. வேகமானது என்றாலும், மூளையின் மடிப்புக்குள் புதைந்திருக்கும் இன்சுலாவைத் தனியே கேட்க அதனால் இயலாது. நேரம், இடம் இரண்டையும் ஒருசேரத் தருவது உள்ளே வைத்த மின்முனைதான்.

பிரான்சில் மனிதர்கள் மீதான ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழுக்கள் பல ஊர்களில் உள்ளன. எந்த ஊர்க் குழு நம் விண்ணப்பத்தைப் பார்க்கும் என்பது குலுக்கலில் அமையும். எங்களுக்கு அமைந்த குழு அறிவியலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஒப்புதல் கேட்பவர் யார் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. தலையில் கட்டுடன் படுத்திருப்பவரிடம் அவருக்கு அறுவை செய்யப்போகும் மருத்துவரே வந்து கேட்டால், மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒருவர், மின்முனைகள் வைப்பதற்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகே ஒப்புதல் கிடைத்தது. அது அலைக்கழிப்பாகப் பட்டாலும், நியாயமான கேள்வி என்றே கருதுகிறேன்.

படுக்கையருகே செய்வது எளிமையான வேலை. காரையெலும்புக்குக் கீழே ஈ.சி.ஜி. ஒட்டிகள், மார்பைச் சுற்றி மூச்சைப் பதியும் பட்டை, தலைக்கட்டிலிருந்து இறங்கும் கம்பிக் கற்றை, மேலே இரவும் பகலும் ஓடும் கேமரா. நாடியைத் தொடாமல், மூச்சை அடக்காமல், உள்ளே உணரும் துடிப்புகளை மட்டும் எண்ணச் சொல்வோம். உளவியலாளர் ஷாண்ட்ரி 1981இல் அறிமுகப்படுத்திய முறையின்படி 25, 35, 45 விநாடி இடைவெளிகளில் அது நடக்கும். அடுத்த சுற்றில் ஒலிபெருக்கியில் வரும் ஒலிகளை எண்ணச் சொல்வோம். வலிப்பு வந்து சில மணி நேரத்துக்குள் எதையும் செய்வதில்லை. சாப்பாட்டு வண்டி, செவிலியர் வருகை, குடும்பத்தாரின் தொலைபேசி ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால்தான் எங்கள் முறை.

எண்ணிக்கையின் மதிப்பெண்ணை நான் விரைவிலேயே சந்தேகிக்கத் தொடங்கினேன். மிதிவண்டிப் பந்தயங்களில் ஈடுபட்டிருந்த ஓர் இளைஞர் ஏறக்குறையப் பிழையின்றி எண்ணினார். எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் உணரவில்லை என்றும், ஓய்வில் தன் துடிப்பு நிமிடத்துக்கு 60க்குச் சற்றுக் குறைவு என்பது கைக்கடிகாரத்தால் தெரியும் என்பதால் விநாடிகளை எண்ணினேன் என்றும் இயல்பாகச் சொன்னார். இந்தச் சோதனை உடலை உணரும் திறனைவிட, தன் துடிப்பைப் பற்றிய முன்னறிவையும் ஊகத்தையும் அளக்கக்கூடும் என்ற விமர்சனம் துறைக்குள் வலுவாகவே இருக்கிறது. அவர் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அதற்கு மாறாக, வலிப்பு தொடங்கும் கணத்தைப் பற்றி நோயாளிகள் சொல்வது வியக்க வைக்கும் நுட்பத்துடன் இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும்பி நெஞ்சுக்கு வந்து தொண்டையில் நிற்கும் என்று பலர் சொல்வார்கள்; நெற்றிப்பொட்டு மடலின் உட்பகுதியில் தொடங்கும் வலிப்புகளில் இது மிகவும் பரவலான முன்னுணர்வு. தொண்டை இறுகுவதும் உடலில் விரும்பத்தகாத ஊறல் பரவுவதும் இன்சுலாவில் தொடங்கும் வலிப்பைச் சுட்டும். ஒரு பெண், வலிப்புக்கு முன் தன் இதயம் வேகமெடுப்பதாகவும், முன்பு பலர் அதைப் பதற்றம் என்று ஒதுக்கிவிட்டதாகவும் கூறினார். அவருடைய ஒரு பதிவைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம்: ஆழத்து மின்முனையில் வலிப்பலை தொடங்குகிறது, சில விநாடிகளில் ஈ.சி.ஜி.யின் முட்கள் நெருங்குகின்றன. அதன் பிறகே அவர் கை அழைப்பு பொத்தானை நோக்கி நீள்கிறது. அவர் உணர்ந்தது உண்மையான துடிப்பு. அதை வேகப்படுத்தியது, ஏற்கெனவே தொடங்கிவிட்ட வலிப்பு.

கடினமான பகுதி பகுப்பாய்வுதான். ஒவ்வொரு துடிப்பின்போதும் ஈ.சி.ஜி.யில் உயர்ந்து எழும் முள்ளான ஆர் அலையைக் குறித்துக்கொண்டு, அதன்பின் வரும் சில நூறு மில்லிவிநாடிகளின் மூளைப்பதிவை நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்குச் சராசரி எடுத்தால், துடிப்புக்கு மூளை தரும் எதிர்வினை தெரியும் என்பது கோட்பாடு. ஷாண்ட்ரி குழுவினர் 1986இல் காட்டிய அந்த எதிர்வினை மைக்ரோவோல்ட் அளவுடையது. இதயமோ தானே ஒரு மின்னாக்கி. அதன் மின்புலம் தலைவரை பரவுகிறது. தவிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து தம்பூராவின் சுருதியைப் பிடிக்க முயல்வது போன்றது இது. அடுத்தடுத்த இரு தொடுமுனைகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், தொலைவிலிருந்து வரும் மின்புலம் பெரும்பாலும் கழிந்துவிடும். கழியாமல் நிற்பது நாடித்துடிப்பு. நடுப் பெருமூளைத் தமனியின் கிளைகள் இன்சுலாவின் மேற்பரப்பில்தான் படர்ந்து ஓடுகின்றன. எனவே, நாங்கள் எந்தப் பகுதிக்காகக் காத்திருந்தோமோ அங்கேதான் ஒவ்வொரு துடிப்பிலும் மின்முனை நுண்ணளவில் அசைந்து, மூளையின் எதிர்வினையைப் போலவே தோற்றமளிக்கும் அலையை உண்டாக்குகிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒலியை எண்ணும் சுற்றை ஒப்பீடாகக் கொள்வது. நாடியின் அசைவுக்கு நோயாளியின் கவனம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. துடிப்பை எண்ணினாலும் ஒலியை எண்ணினாலும் அது மாறக்கூடாது. மூளையின் எதிர்வினை மாறலாம். இரு சுற்றுகளிலும் துடிப்பின் வேகம் ஒத்திருக்கிறதா என்றும் பார்த்தோம். ஆர் அலைகளின் நேரங்களை வேண்டுமென்றே இடம் மாற்றி, அப்போதும் அதே வேறுபாடு தோன்றினால் அதைத் தள்ளினோம். வலிப்பு தொடங்கும் இடத்திலுள்ள தொடுமுனைகளையும், இடையிடையே கூர்முனை அலைகள் தெறிக்கும் பகுதிகளையும் நரம்பியல் மருத்துவர் ஒருவர் கண்ணால் பார்த்தே நீக்கினார். இந்தச் சல்லடைகளுக்குப் பின் எஞ்சியவை மிகச் சில தொடுமுனைகளே. திரையில் பெரிதாகவும் அழகாகவும் தெரிந்த அலைகளில் பெரும்பாலானவை நாடியாகவே முடிந்தன. சிறியதாக, ஆனால் துடிப்பை எண்ணும்போது மட்டும் தெளிவாக மாறும் அலைகளையே நம்பினோம்.

அடுத்த கட்டத்துக்காகத் திட்டத்தில் இரண்டு மாற்றங்களைக் கோரி மீண்டும் ஒப்புதல் குழுவுக்கு எழுதினோம். துடிப்பை எண்ணுபவர் உண்மையில் விநாடிகளைத்தான் எண்ணுகிறாரா என்று பார்க்க, நேரத்தை மட்டும் கணிக்கும் சுற்று ஒன்று சேர்ந்தது. வலிப்பின் முன்னுணர்வை நோயாளி தன் சொற்களிலேயே விவரிக்கும் நேர்காணலை, எண்ணிக்கைச் சோதனைக்கு முன்பே எடுப்பது என்பது மற்றொன்று. அந்த விண்ணப்பமும் குழுவின் மேசைக்குப் போய், ஒப்புதல் கேட்பவர் யார் என்ற கேள்வியுடனே திரும்பி வந்தது.