ஹாங்கி டாங்க் மேடையில் ஒரு பிரேசில்காரர்

தயிர் வாங்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. கல்லாவில் இருந்த பையன் நான் சொன்னதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினான். மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். உடனே என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பி, "உன் அம்மாவுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டான். அவள் மூக்கால் ஒரு வாக்கியம் பேசினாள், காரியம் முடிந்தது. ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் நான் வாங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இன்னும் கும்பகோணத்து வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை இந்தப் பையனிடம் எப்படிக் கொண்டுவந்து காட்டுவது?

அந்த எரிச்சல் அடங்காமலேதான் சனிக்கிழமை இரவு நாஷ்வில் நகரத்து பிராட்வே வீதிக்குப் போனேன். சிகாகோவிலிருந்து வந்திருந்த கணவரின் நண்பர், நாஷ்வில்லில் குடியிருந்துகொண்டு நாங்கள் கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்து இசையைக் கேட்கப் போனதே இல்லை என்பதை நம்ப மறுத்துவிட்டார். மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பிராட்வேயின் கீழ்க்கோடியில் மாடிக்கு மாடி ஒரு இசைக்குழு. புகழ்பெற்ற பாடகர்களின் பெயர் தாங்கிய பெரிய மதுக்கூடங்கள், கல்யாணப் பெண்ணைச் சுற்றி ரோஸ் நிறத் தொப்பி அணிந்த தோழிகள், காது கிழியும் டிரம்ஸ். அத்தனை சந்தடியிலும் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற இடம் மட்டும் பிடிவாதமாகப் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தில் ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கிட்டார் நிறுவனம் இருந்தது. பிறகு பூட்ஸ் கடையானது. சுவரெல்லாம் இன்னமும் பூட்ஸ் வரிசைதான்.

அங்கே பாடுகிறவர் ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ். பிறந்தது பிரேசிலில். வாலிபத்தில் அமெரிக்கா வந்தவர், 1999இல் அந்த இடத்தையே வாங்கிக்கொண்டார். குழுவின் பெயரும் 'பிரேசில்பில்லி'. எங்கிருந்து வந்தவர் என்பதை மறைக்கிற உத்தேசமே இல்லை.

நான் கேட்டது பாட்டை அல்ல, உச்சரிப்பை. போர்த்துக்கீசியம் பேசிப் பழகிய நாக்கு எங்கேயாவது வழுக்காதா என்று அற்பமான ஆசையோடு காத்திருந்தேன். அலபாமாவில் பிறந்த பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் சொற்கள் இழுவையும் விம்மலும் உடைசலுமாக அப்படியே வந்து விழுந்தன. மறுபடி சொல்லுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பால் வாங்கப் போகும் கடையிலும் அப்படித்தானா என்று அவரைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. ஹாங்கி டாங்க் என்பது முதலில் குடிக்கவும் ஆடவும் கூடுகிற மலிவான கூடத்தின் பெயர். அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்றுதான் மின்சார கிட்டாரும் ஸ்டீல் கிட்டாரும் அந்த இசைக்குள் ஓங்கின. 1941இல் எர்னஸ்ட் டப் பாடிய பாட்டு அந்த வழியைத் திறந்துவிட்டது. 1949 ஜூன் மாதம் ஹேங்க் வில்லியம்ஸ் முதன்முதலாக கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலிக் கச்சேரியில் மேடையேறியபோது, ஒரே பாட்டைக் கூட்டம் திரும்பத் திரும்பப் பாடவைத்ததாம். அடுத்த நான்கு ஆண்டுகள்கூட அவருக்கு மிஞ்சவில்லை. 1953 புத்தாண்டு நாளில் காரின் பின்னிருக்கையிலேயே உயிர் போனது. வயது 29. அந்த ஆப்ரி நடந்த ரைமன் அரங்கம், ராபர்ட்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு சந்தினைத் தாண்டினால் வந்துவிடும். 1892இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. இன்றும் தேவாலயத்து மரப்பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் கிட்டி வெல்ஸ். ஆண்கள் கெட்டுப்போவதற்குப் பெண்கள்தான் காரணம் என்கிற பாணியில் 1952இல் ஹேங்க் தாம்ப்ஸன் ஒரு பாட்டுப் பாட, அதே ஆண்டிலேயே எசப்பாட்டாக எழுந்து பதில் சொன்ன அம்மாள். கன்ட்ரி இசைப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். வயல்வெளியில் நடவு நடும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண்களை வாங்கு வாங்கென்று வாங்கியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த அம்மாளைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

பெடல் ஸ்டீலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. படுக்கவைத்த கிட்டார். ஒரு கையில் எஃகுத் துண்டு, மறு கையில் மீட்டல், காலடியில் மிதிகள், முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழிந்தே போகிறது. தந்திமேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளைக் கேட்ட காதுக்கு இது அந்நிய வாத்தியமே இல்லை. அப்பா மட்டும் இருந்திருந்தால் அந்த மதுக்கூடத்திலேயே கண்ணை மூடித் தலையை ஆட்டி, பக்கத்து மேசைக்காரரையும் தாளம் போடவைத்திருப்பார்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பாட்டுக் கேட்கவா சாராயக் கடைக்குப் போனாய்? மாப்பிள்ளையுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே இடத்தில் தேவப்பாடல்கள் பாடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இப்போது எனக்கு இந்த ஊர் நன்றாகவே பழகிவிட்டது. தயிரை வீட்டிலேயே உறையிடுகிறேன். குளிர்காலத்தில் ஓவன் அடுப்புக்குள் இருக்கும் விளக்கைப் போட்டு உள்ளே வைத்தால் காலையில் கட்டியாக இருக்கும். பெல்வியூ கணேசர் கோவிலில் பாதிப் பேர் தெரிந்த முகம். ஊர் நினைப்பெல்லாம் முன்போல் வருவதில்லை.

ஆனால் ராபர்ட்ஸில் உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. நடுவில் ஒருவர் வாளியோடு வருவார். அதில்தான் பாடுகிறவர்களுக்கான பணம். அதில் நோட்டைப் போட்டுவிட்டு விருப்பப் பாடலைக் கேட்கலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனத்தால் எங்கள் ஊர் மாசி மகக் கச்சேரிக்குப் போய்விடுகிறேன். ரேஷன் கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் டி.எம்.எஸ். குரலில் பாடுவார். வேண்டிய பாட்டை எழுதிய சீட்டுகள் வந்து குவியும். பழைய பாட்டுக் கேட்ட சீட்டெல்லாம் ஆர்மோனியத்தின் மேல். புதுப் பாட்டுக் கேட்டவை சட்டைப் பைக்குள். பையில் போனது போனதுதான். ஒரு வருடம் ஊராட்சித் தலைவரின் சீட்டே அந்தப் பைக்குள் போய், மறுவருடம் வேறு குழுவைக் கூப்பிட்டார்கள். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு, சுருதி சேரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் இன்னும் பாடுகிறாரா என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். பாடுகிறாராம், இப்போது கரோக்கே பெட்டிதான் பக்கவாத்தியமாம். அடுத்த கச்சேரியைக் கைபேசியில் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "அனுப்புகிறேன், அனுப்புகிறேன்" என்றவள், வடுமாங்காய் விற்கிற விலைக்குத் தாவிவிட்டாள்.