எக்ஸ் முதலில், ஒய் பிறகு

காந்தி வீதியும் நேரு வீதியும் வெட்டிக்கொள்ளும் இடத்தை ஆதிப்புள்ளியாக, அதாவது இரு அச்சுகளும் சுழியில் சந்திக்கும் (0, 0) புள்ளியாக எடுத்துக்கொண்டால், புதுச்சேரியின் நேர்நேரான வீதிகள் ஆயத்தொலைவுகளை, அதாவது ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண் இணையைப் படிக்கக் கற்றுத்தர மிகப் பொருத்தமானவை. நேரு வீதி எக்ஸ் அச்சு. அதில் கிழக்கே, கடலை நோக்கிய திசை மிகை, மேற்குக் குறை. காந்தி வீதி ஒய் அச்சு. வடக்கு மிகை, தெற்குக் குறை. கடற்கரையில் உள்ள காந்தி சிலை கிழக்கிலும் தெற்கிலும் தள்ளியிருப்பதால், இரு அச்சுகளும் தளத்தைப் பிரிக்கும் நான்கு கால்பகுதிகளில், எக்ஸ் மிகையாகவும் ஒய் குறையாகவும் அமையும் நான்காம் கால்பகுதியில் விழுகிறது.

ஒரு புள்ளியைப் படிக்கும்போது, அதிலிருந்து எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக இறங்கி, அங்குள்ள எண்ணை முதலில் எழுத வேண்டும். பிறகே ஒய் அச்சில் உள்ள எண். (3, −2) வேறு, (−2, 3) வேறு; வரிசை மாறினால் இடமே மாறிவிடும். அச்சின் மீதே கிடக்கும் புள்ளிகளில்தான் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்: (0, 4) ஒய் அச்சின் மீதுள்ளது, எந்தக் கால்பகுதியையும் சேர்ந்ததன்று.

கைபேசி வரைபடம் நம் ஊரை ஏறத்தாழ 11.9, 79.8 என்று காட்டும்போது கூடுதல் கவனம் தேவை. அங்கே முதலில் வருவது அட்சரேகை, அதாவது வடக்கு நோக்கிய அளவு; இரண்டாவதாக வருவது தீர்க்கரேகை, அதாவது கிழக்கு நோக்கிய அளவு. எனவே வரைபடத்தாளில் நம் ஊரைக் குறிக்க விரும்பும் மாணவர் 79.8 என்பதைத்தான் எக்ஸ் ஆகக் கொள்ள வேண்டும்.