யாராவது பார்த்தார்களா?

நாலு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் மூச்சிரைக்க ஓடி வந்து, தான் எறிந்த கல் கீழே வாட்ச்மேன் பையன் நெற்றியில் பட்டுவிட்டது, ரத்தம் வருகிறது என்றான். அவனுக்கு அப்போது 10 வயது. நான் கேட்ட முதல் கேள்வி, "யாராவது பாத்தாங்களா?" அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டது அதற்கு அப்புறம்தான். இரண்டு தையலோடு போயிற்று, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரிச் செலவை நாங்களே கொடுத்தோம். ஆனால் கல் எங்கிருந்து வந்தது என்று அன்று நான் வாயைத் திறக்கவில்லை. "ஐயோ, என்னாச்சு" என்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நின்றேன். என் மகன் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முதல் கேள்வியைப் பற்றி இவ்வளவு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் 'பென்னிஸ் வீடியோ' பார்த்தேன். அதில் ஒரு அப்பா தன் மகனிடம் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்கிறார், அதே அவசரத்தோடு. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1992-இல் வந்த ஆஸ்திரியப் படம். இயக்கியவர் மிஷேல் ஹானெகே. வியன்னா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் நாடகமும் படித்தவர், ரொம்ப வருடம் டிவிக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்துவிட்டு, தியேட்டருக்கான முதல் படத்தை 1989-இல்தான், 47 வயதில், எடுத்தார். இது இரண்டாவது. கதையை முழுக்கச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்ல முடியாது, அதனால் பார்க்காமல் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் காட்சியே ஒரு பன்றியைக் கொல்வது. பண்ணை வீட்டில், கையில் வைத்து எடுத்த வீடியோ. நெற்றியில் வைத்து அழுத்தினால் உள்ளேயிருந்து ஓர் இரும்புத் தண்டு பாய்ந்து மண்டையைத் துளைக்கிற ஒரு கருவி இருக்கிறது, கசாப்புக்கு முன்னால் மிருகத்தைச் சாய்ப்பதற்கு. அதை வைத்துக் கொல்கிறார்கள். பன்றி விழுகிறது. உடனே படம் பின்னோக்கி ஓடி மறுபடி அதே சாவு, இந்தத் தடவை மெதுவாக. ரீவைண்ட் பண்ணிப் பார்ப்பவன்தான் பென்னி. 14 வயது, வியன்னாவில் வசதியான வீட்டுப் பிள்ளை. பகலிலும் அவன் அறையின் ஜன்னலில் திரை மூடியே இருக்கிறது, வெளியே தெருவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கேமராவை வைத்து டிவியில்தான் பார்க்கிறான். அந்த வீட்டில் எந்த நேரமும் ஒரு டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது, அதில் யுகோஸ்லாவியப் போரின் செய்தி, செய்தி வாசிப்பவரின் குரல் வானிலை அறிக்கைக்கும் பிணங்களுக்கும் ஒரே மாதிரி.

ஒரு வாரக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரில் இல்லை. வீடியோ கடை வாசலில் பார்த்த ஒரு பெண்ணை, அவளும் இவன் வயதுதான், வீட்டுக்குக் கூட்டி வருகிறான். சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், ரொம்ப சாதாரணமான, கொஞ்சம் கூச்சமான பேச்சு. பன்றி வீடியோவைப் போட்டுக் காட்டுகிறான். பண்ணையிலிருந்து திருடிக்கொண்டு வந்த அந்தக் கருவியையும் காட்டுகிறான். அதைத் தன் நெஞ்சில் வைத்து, அழுத்து என்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். பயந்தாங்கொள்ளி என்கிறான். இப்போது அவள் முறை, நீ அழுத்து பார்க்கலாம் என்கிறாள், அவன் தயங்க, நீதான் பயந்தாங்கொள்ளி என்கிறாள். அவன் அழுத்திவிடுகிறான்.

இது நம் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸில் தினமும் ஆடுகிற ஆட்டம். "தைரியம் இருந்தா செய்டா" என்பதுதான் மொத்தமும். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் நடப்பது எதையும் நமக்கு நேராகக் காட்டுவதில்லை. அறையில் ஓடிக்கொண்டிருக்கிற கேமராவும் அதோடு இணைத்த டிவியும்தான் நம் கண். அவள் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு அந்த டிவிச் சதுரத்துக்கு வெளியே போய்விடுகிறாள், அலறல் மட்டும் கேட்கிறது, பையன் உள்ளே வருகிறான், வெளியே போகிறான், மறுபடி சுடுகிற சத்தம். "சத்தம் போடாதே" என்று கெஞ்சுகிற மாதிரி அவன் குரல். டிவியில் தெரிவது காலியான அறை. கத்தி, ரத்தம் என்று எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று, அதில் ஒன்றுகூட இந்தக் காலியான அறை அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. பார்க்க ஒன்றும் இல்லாதபோது மனசு எல்லாவற்றையும் தானே பார்த்துவிடுகிறது.

முடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கப் தயிர் சாப்பிடுகிறான். ஹோம்வொர்க் எழுதுகிறான். தரையைத் துடைக்கிறான். பிணத்தையும் வீடியோ எடுக்கிறான். அப்புறம் ஒரு நண்பனோடு வெளியே கிளம்பிப் போகிறான். சில நாளில் தலையை மொட்டையடித்துக்கொள்கிறான், ஏன் என்று யாருக்கும் சொல்வதில்லை. அப்பா அதற்குத் திட்டுகிறார். பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் அந்த வீட்டில் திட்டுவதற்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரியாது.

பையனாக நடித்தவர் ஆர்னோ ஃப்ரிஷ். அந்த முகத்தில் கெட்டவன் என்று ஒரு அடையாளமும் கிடையாது. இப்படிப்பட்ட படங்களில் வழக்கமாக ஒரு காரணம் வைத்திருப்பார்கள், சின்ன வயதில் அடி வாங்கியவன், கைவிடப்பட்டவன் என்று. பார்த்துவிட்டு நாமும், நம் வீட்டில் அப்படி இல்லையே என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இந்தப் படம் அந்த நிம்மதியைக் கொடுக்க மறுக்கிறது. இவனுக்குத் தனி அறை, கேட்டதெல்லாம் கிடைக்கிறது, நல்ல பள்ளிக்கூடம், பள்ளிப் பாடகர் குழுவில் பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் இசையைப் பாடுகிறான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வன்முறை வீடியோ பார்த்துப் பார்த்துப் பையனுக்கு மரத்துப்போய்விட்டது என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். தலைப்பிலேயே வீடியோ இருப்பதால் அப்படித் தோன்றலாம். அது பாதிதான் என்பது என் எண்ணம். கொலை படத்தின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. இன்னும் அவ்வளவு நேரம் படம் ஓடுகிறதே, அது யாரைப் பற்றி?

பென்னி ஒருநாள் அந்த டேப்பை டிவியில் போட்டு அப்பா அம்மாவுக்கே காட்டிவிடுகிறான். ஒரு வார்த்தை சொல்லாமல். நான் அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்தேன். அப்பா உடனே விசாரிக்க ஆரம்பிக்கிறார். யாரந்தப் பெண், உன்னோடு அவளை யாராவது பார்த்தார்களா, நண்பர்கள் யாரிடமாவது சொன்னாயா. குரல் உயர்வதில்லை, ஆபீஸில் ஒரு சிக்கலை எடுத்து வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. பையனைத் தூங்க அனுப்பிவிட்டு இருவரும் உட்கார்கிறார்கள். போலீசுக்குப் போனால் பையனுக்கு என்ன ஆகும், தங்கள் பெயருக்கும் வேலைக்கும் என்ன ஆகும், சொல்லாமல் இருந்தால் உடலை என்ன செய்வது. ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி, கடைசியில் அப்பா அந்த உடலைச் சின்னச் சின்னதாக நறுக்கிச் சாக்கடையில் விடுவது என்ற முடிவுக்கு வருகிறார். எவ்வளவு சின்னதாக என்பதும் பேச்சில் வருகிறது. நடுவில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. சாவு வீட்டில் சிலருக்கு அப்படி வரும், பார்த்திருக்கிறேன், அது சிரிப்பே கிடையாது.

அப்பாவாக உல்ரிஷ் மூஹே, அம்மாவாக ஆங்கெலா விங்க்ளர். இருவரும் ராட்சசர்களாக நடிக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிற பெற்றோராகத்தான் நடித்திருக்கிறார்கள். அந்த மேஜையில் அவர்கள் பேசுவதில் ஒரு தர்க்கப் பிழைகூட இல்லை, போன உயிர் திரும்பாது, இருக்கிற உயிரையாவது பார்ப்போம் என்பதுதான் அது. நம் வீடுகளில் எத்தனை விஷயங்களுக்கு இதையே சொல்லியிருக்கிறோம். "நடந்தது நடந்துபோச்சு, இனி வெளியே தெரியாம பாத்துக்கோ."

அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அப்பா வீட்டில் தங்கி வேலையை முடிக்கிறார். அந்த வேலையை நாம் பார்ப்பதே இல்லை, பார்ப்பதெல்லாம் வெயில், கடல், சுற்றுலாப் பயணிகள், பையன் எடுக்கிற விடுமுறை வீடியோ. இதை யோசித்து வைத்த ஆளை என்னவென்று சொல்வது. ஒருநாள் ஹோட்டல் அறையில் அம்மா உடைந்து அழுகிறார், நிறுத்த முடியாமல், உடம்பே குலுங்க. பையனுக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று நிஜமாகவே புரியவில்லை.

திரும்பி வந்தால் வீடு சுத்தமாக இருக்கிறது. அப்போதுதான் அப்பா கேட்கிறார், ஏன் அப்படிச் செய்தாய் என்று. எல்லாவற்றையும் அழித்து முடித்த பிறகு! எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான், போலிருக்கிறது என்கிறான் பையன். வேறு பதில் இல்லை. அப்புறம் வீட்டில் ஒரு பார்ட்டிகூட நடக்கிறது, எல்லோரும் சிரித்த முகமாக.

பென்னி போலீசுக்குப் போவது அதற்குப் பிறகு. அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதைத் தன் அறைக்குள்ளிருந்து, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு, பதிவு செய்திருக்கிறான். படத்தில் இருட்டும் கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சமும்தான், குரல்கள் தெளிவாகக் கேட்கின்றன. அந்த டேப்பைப் போலீசுக்குக் கொடுத்துவிடுகிறான். இதை மனசாட்சி என்று எடுத்துக்கொள்வதா, துரோகம் என்று எடுத்துக்கொள்வதா? இதையும் அவன் 'எப்படி இருக்கும்' என்று பார்க்கத்தான் செய்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாராவது ஒரு பெரியவர் தன்னிடம் இது கொலை என்று சொல்வார்களா என்று அந்தப் பிள்ளை முதலிலிருந்தே காத்திருந்தான் என்றுதான் தோன்றுகிறது. இல்லாவிட்டால் எதற்காக டேப்பை வீட்டில் போட்டுக் காட்டினான்? காட்டினால், எவ்வளவு சின்னதாக நறுக்குவது என்று பேசினார்கள்.

கடைசியில் காவல் நிலையத்தில் பெற்றோர் எதிரே வருகிறார்கள். பையன் அவர்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். மன்னியுங்கள். வழியில் தெரியாமல் இடித்துவிட்டால் சொல்வோமே, அந்த அளவுக்கு. அதையும் நாம் ஒரு கண்காணிப்பு டிவியில்தான் பார்க்கிறோம்.

என் மகனுக்கு இப்போது 14. கல் விஷயத்தை மறுநாள் காலையில் நான் போய்ச் சொல்லிவிட்டேன், அவனையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா "சின்னப் பசங்கதானே அக்கா, விடுங்க" என்றார். படியேறி வரும்போது இவன், "நேத்தே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். காயம்பட்ட பையனின் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் எங்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை.

படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவளை எங்கோ ஒரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள், அந்த வீட்டுக்குள் படம் ஒரு தடவைகூடப் போவதில்லை. நடித்தவர் இங்க்ரிட் ஷ்டாஸ்னர். நடிகர் பட்டியலில் தேடினேன், பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'சிறுமி' என்றுதான் இருக்கிறது.