லிம்ஃபோமாவுக்கு முந்தைய நிலை

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியப்பா சர்க்கரைக்காக இரத்தம் கொடுத்தபோது, லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 5,600 என்று வந்தன. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4,000 வரை இருக்கலாம். புதுச்சேரியில் அணுக்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை செய்து பார்த்ததில், அவற்றுள் சுமார் 2,000 அணுக்கள் ஒரே பி-செல்லின் (எதிர்ப்பொருள் தயாரிக்கும் லிம்ஃபோசைட் வகை) வழிவந்தவை என்று தெரிந்தது. "அப்போ கேன்சரா, டாக்டர்?" என்று பெரியம்மா கேட்டார். "கேன்சர் இல்லைம்மா. ஆனா வருஷம் தவறாம வந்து காட்டணும்" என்றார் மருத்துவர்.

இந்த நிலைக்கு மோனோக்ளோனல் பி-செல் லிம்ஃபோசைட்டோசிஸ் என்று பெயர். அத்தகைய அணுக்கள் 5,000-ஐ எட்டினால்தான் அது நாட்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோய்; 500-க்குக் கீழே இருந்தால் அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. இடைப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்கே சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றுகிறது.

லிம்ஃபோசைட்டுகளில் தோன்றி, பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் வளரும் புற்றுநோய்தான் லிம்ஃபோமா. அதில் ஒரு வகையான ஃபாலிகுலர் லிம்ஃபோமாவின் தொடக்கம் இன்னும் வியப்பானது. எலும்பு மஜ்ஜையில் பி-செல் உருவாகையில் எதிர்ப்பொருளுக்கான மரபணுத் துண்டுகள் வெட்டி ஒட்டப்படும்போது, 14, 18 ஆகிய குரோமோசோம்களின் பகுதிகள் தவறுதலாக இடம் மாறிக்கொள்ள, பிசிஎல்2 என்னும் புரதம் ஓயாமல் உற்பத்தியாகி, மடிய வேண்டிய செல்லை மடியவிடாமல் காக்கிறது. நுட்பமாகச் சோதித்தால் நலமாக இருக்கும் பலரின் இரத்தத்திலும் இந்த இடமாற்றம் காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்ஃபோமா வருவதே இல்லை. அந்தச் செல் நிணநீர்க் கணுக்களுக்குள் பல ஆண்டுகள் போய்வந்து, வேறு மரபணுப் பிழைகளையும் சேர்த்துக்கொண்டால்தான் நோயாகிறது. வேறெதற்கோ எடுத்த கணுவில் ஓரிரு நுண்முடிச்சுகள் மட்டும் பிசிஎல்2 புரதத்தைக் காட்டும் சாயத்தை அழுத்தமாக ஏற்று, சுற்றியுள்ள அமைப்பு குலையாமல் இருப்பதைச் சில நேரம் நோய்க்குறியியலாளர் காண்பதுண்டு. அப்போது உடலில் வேறெங்கும் லிம்ஃபோமா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கண்காணிப்பில் மட்டும் வைப்பார்கள்.

"இப்பவே மருந்து கொடுத்து அமுக்கிடலாமே" என்று உறவினர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் புற்றுநோயாகவே மாறிவிட்ட தொடக்க நிலையில்கூட, அறிகுறி ஏதுமில்லாதவர்களுக்கு முன்கூட்டியே கீமோ கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமா வேறு வகை. ஹெலிகோபாக்டர் கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்தாலே பலருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. பெரியப்பாவுக்கு அப்படி ஒழிக்க ஒரு கிருமி இல்லை. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் நெறி கட்டினாலும், காரணமின்றிக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு என்று வந்தாலும் ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். தொற்று எளிதில் வரக்கூடும் என்பதால் நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று.