வைரத்தோடு பழுதுக்கு வந்தால், நெருப்புக் காட்டும் முன்

முதலில் கல்லைக் கழுவ வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் கண்ணெதிரில். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் விரிசல் தெரியாது. வேலை முடிந்தபின் தெரிந்தால் பழி ஆசாரி மேல்தான்.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். வைரத்தின் பட்டை ஓரங்கள் கூராக இருக்கும். அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல்லில் மழுங்கியிருக்கும். கல்லைச் சாய்த்தால் அடிப்பட்டைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிகிறதா? அது மோய்ஸனைட், வைரம்போல் தெரியும் வேறு கல்.

பேனா மாதிரியான வெப்ப டெஸ்டர் ‘பீப்’ அடித்ததும் நம்பிவிடக் கூடாது. மோய்ஸனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதற்கும் அடிக்கும். மின்கடத்தலையும் அளக்கும் கருவி வேண்டும். முனை தங்கத்தில் பட்டாலும் முடிவு தவறும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே என்பதால் இந்த டெஸ்டரால் பிரிக்க முடியாது. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சாய்க்கும்போது விரிசலுக்குள் ஆரஞ்சோ நீலமோ பளிச்சிட்டால் அது கண்ணாடி நிரப்பிய கல். நெருப்பு ஊதினால் நிரப்பியது கெட்டுவிடும். சுத்தமான வைரத்துக்கும் ஆபத்து உண்டு: காற்றில் சுமார் 800 டிகிரி செல்சியஸில் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கும். போரிக் ஆசிட் பூச்சு இல்லாமல் நெருப்பு கூடவே கூடாது.

தோட்டைக் கொடுக்கும் வாடிக்கையாளர்களே, ரசீதில் ‘தோடு 1 ஜோடி’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். கல் எண்ணிக்கை, மி.மீ. அளவு, கரும்புள்ளியும் உடைவும் எந்த இடத்தில், கல்லில் லேசரால் பொறித்த எண் இருந்தால் அது, எல்லாம் வேண்டும். நல்ல வெட்டுள்ள வட்டக் கல் 6.5 மி.மீ. இருந்தால் எடை சுமார் 1 காரட். பின்புறம் மூடிக் கல் பதித்த தோட்டில் கல்லின் ஆழம் அளக்க முடியாது. அங்கே எடைக்குப் பக்கத்தில் ‘தோராயம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.