கால்மணி நேரம்
கிளிநொச்சியில் வீட்டு விறாந்தைதான் எனக்கு அலுவலகம். போன செவ்வாய் இரவு நான் ஏற்றிய மென்பொருள் கோட் (code) எங்கள் சேர்வரை (server) விழுத்திவிட்டது. ‘பிழை என்னுடையது’ என்று குரூப்பில் எழுத எனக்குக் கால்மணி நேரம் எடுத்தது. அதற்குள் டீமில் ஆக இளைய பிள்ளை, தன் பிழையோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டுவிட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்தநாள் அப்பாவோடு சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்துக்குப் போனேன். இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். அடுத்த சில வார வேலையைத் தீர்மானிக்கும் எங்கள் ஸ்பிரிண்ட் கூட்டங்களில் யாரும் குளத்தைப் பார்ப்பதில்லை, சரி விடுவோம். போனமுறை வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழும்பினார்.

“வாய்க்கால் கதவை நான்தான் பிந்தித் திறந்தனான், அண்ணை” என்றார் அப்பா.

எழும்பியவர் இருந்துவிட்டார். பிறகு தேத்தண்ணி வந்தது.