தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: தூணும் திருமேனியும் ஒரே வண்டலில்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் நேரே நடராஜரைத் தேடித்தான் போகிறார்கள். முதலில் மண்டபத் தூண்களைப் பாருங்கள். கலைக்கூடம் தொடங்கியது 1951-இல். கட்டடமோ நாயக்கர் காலத்தில் எழும்பி, 1676-க்குப் பின் மராட்டியர் கையில் விரிந்தது. இரண்டு கைக்கும் அடங்காத அந்தத் தூண்கள் கல்லல்ல. செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. டெல்டாவில் தோண்டினால் வண்டல்தான், பாறை ஏது? பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது.

செங்கல் குடிக்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் இன்றும் இதைச் செய்கிறார்கள், பார்க்கவே மனசு பதறுகிறது.

உள்ளே நிற்கும் செப்புத் திருமேனிகளுக்கும் அந்த வண்டலே தாய். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி உருவம் பிடிப்பார்கள். மெழுகின் எடையைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் வேண்டும். மெழுகின் மேல் முதல் பூச்சு, சலித்த வண்டலில் உமிக்கரி அரைத்துக் கலந்தது. விரல்ரேகை வரை அச்சில் பதிவது இந்தப் பூச்சில்தான். அதன்மேல் வயல் களிமண், பிறகு மணல் கலந்த மண், கடைசியில் கம்பிக்கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பி உலோகத்தில் குமிழ் விழும். அச்சு ஆறிப்போனால் உலோகம் விரல்நுனிக்குப் போய்ச் சேருமுன்பே உறைந்துவிடும். அதனால்தான் அச்சைக் குழியில் புதைத்து, சூடு இருக்கும்போதே ஊற்றுகிறார்கள். ஐம்பொன் என்கிறோம்; சோழர் படிமங்களைச் சோதித்தால் பெரும்பகுதி செம்புதான், கூட வெள்ளீயமும் காரீயமும்.

பீடத்தில் இருக்கும் துளைகளைத் தவறவிடாதீர்கள். உற்சவரைக் கழியில் கட்டித் தெருவில் தூக்கிப்போக வைத்தவை அவை. இவை அசையாமல் நிற்கவென்று வார்த்த உருவங்களே அல்ல.

திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். 1011-இல் வார்த்தது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, காலை மாற்றிப் போட்டு, ஒரு கையை ரிஷபத்தின் மேல் ஊன்றி நிற்கிறார். ரிஷபம் இப்போது இல்லை. அது எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பதை அந்த முழங்கையே சொல்லிவிடுகிறது.